செயற்கைச் சூரியனும் சருமத்தின் மறுப்பும்

கோபன்ஹேகன் நகரில் 1896ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற ஃபின்சென் ஒளி வைத்திய நிலையத்தின் சிகிச்சைக் கூடத்தை அக்காலத்துப் புகைப்படங்களில் காண்பவர் கண்ணில் முதலிற் படுவன, நடுவே உயரத்தில் தொங்கும் பெரியதொரு கார்பன் வில்விளக்கும், அதிலிருந்து நாற்புறமும் சாய்ந்திறங்கும் நீண்ட பித்தளைக் குழாய்களும், ஒவ்வொரு குழாயின் அடியிலும் படுத்திருக்கும் ஒரு நோயாளியும், அவருடைய முகத்தின்மேல் குனிந்து அசையாமல் அமர்ந்திருக்கும் ஒரு தாதியுமே. குழாய்க்குள் இருந்த வில்லைகள் கண்ணாடியால் ஆனவை அல்ல. வேண்டிய கிரணங்களைக் கண்ணாடி தடுத்துவிடும் என்பதால் அவை படிகக்கல்லிற் கடையப்பட்டிருந்தன. வெப்பம் தோலைச் சுடாதிருக்கும்பொருட்டு ஒளி நீரினூடே செலுத்தப்பட்டது. தாதி தன் கையிலிருந்த மற்றொரு படிக வில்லையை நோயுற்ற இடத்தின்மேல் அழுத்திப் பிடித்து, அங்குள்ள ரத்தத்தை ஒதுக்கி, கிரணங்கள் ஆழச் செல்ல வழிசெய்துகொண்டிருப்பாள். ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும் இச்சிகிச்சையில் ஒரு சமயத்தில் ஒளி பட்டது ஒரு நாணயத்தளவு தோலின்மேல் மட்டுமே.

இந்தக் கூடத்தை இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்லுவதற்குக் காரணம் உண்டு. செயற்கை ஒளியை மனித சரீரத்தின்மேல் பாய்ச்சும் வழக்கம் தொடங்கிய இடத்தில், யாருடைய தோல், எந்த இடம், எவ்வளவு நேரம், வேறு என்ன மருந்து உள்ளே சென்றிருக்கிறது என்ற கேள்விகளைக் கேட்க ஒருவர் அருகில் இருந்தார். முக்கால் நூற்றாண்டுக்குப் பின் அதே வகைக் கிரணங்கள், தோலைக் கருமையாக்கும் அலங்காரத்தின்பொருட்டு, கட்டணம் கொடுத்தவர் எவரும் ஆடை களைந்து படுத்துக்கொள்ளும் கட்டில்களாக ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடைதோறும் வந்தபோது, கேள்வி கேட்பவர் அங்கே இல்லாமற் போனார். அக்கட்டில்களிலிருந்து எழுந்தவர்களின் உடலில் தோன்றிய தடிப்பும் அரிப்பும் கொப்புளமும் அந்த இல்லாமையின் விளைவுகளே என்பது என் துணிபு.

ஒளியின் இவ்வியல்பு திடீரென்று கண்டறியப்பட்டதன்று. 1801ஆம் ஆண்டு ஜெர்மனியில் யோஹான் ரிட்டர் என்பவர், நிறமாலையில் ஊதாவுக்கு அப்பால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்தில் வைத்த வெள்ளி உப்பு மற்ற இடங்களைக் காட்டிலும் விரைவாகக் கறுப்பதைக் கண்டு, புற ஊதாக் கிரணங்கள் உண்டென்று அறிவித்தார். 1877இல் இங்கிலாந்தில் டௌன்ஸ், பிளண்ட் என்னும் இருவர் சோதனைக் குழாய்களில் ஊட்டநீரை ஊற்றி, சிலவற்றை வெயிலிலும் சிலவற்றை ஈயத்தகட்டால் மூடியும் வைத்தபோது, மூடியவை கிருமிகள் பெருகிக் கலங்கிப்போக, வெயில் பட்டவை தெளிந்தே இருந்தன. ஸ்டாக்ஹோமில் விட்மார்க் 1889இல் வில்விளக்கின் ஒளியைப் பகுத்துப் பார்த்து, தோலைச் சிவக்கச் செய்வது வெப்பமன்று, இந்தக் கண்காணாக் கிரணங்களே என்று நிரூபித்தார்.

நீல்ஸ் ஃபின்சென் இவற்றையெல்லாம் ஒன்றுகூட்டியவர். 1860இல் ஃபாரோ தீவுகளிற் பிறந்து, இளமையிலேயே தீராத நோய்வாய்ப்பட்டு, வெயில் தன் சோர்வைத் தணிப்பதைத் தன் உடம்பிலேயே உணர்ந்து ஒளியாராய்ச்சியில் இறங்கிய அவர், முகத்தை அரித்துச் சிதைக்கும் சருமக் காசநோயால் வருந்திய ஓர் எஞ்சினியரை 1895இல் கோபன்ஹேகன் மின்சார நிலையத்தின் விளக்கைக் கொண்டே குணப்படுத்தினார். மூக்கும் உதடும் கரைந்து, சமூகத்தின் முன் முகங்காட்ட அஞ்சி வாழ்ந்த நூற்றுக்கணக்கானோர் அவரிடம் வந்து நலம் பெற்றுத் திரும்பினர். 1903இல் நோபெல் பரிசு பெற்ற அவர் மறு ஆண்டே, தம் 43ஆம் வயதில் காலமானார்.

ஃபின்செனின் நோயாளிகளுக்கும் சிகிச்சைக்குப் பின் தோல் சிவந்து கொப்புளிக்கும்; அது எதிர்பார்த்த விளைவு, அளவு மிகுந்தால் எவருடைய தோலுக்கும் நேருவது. ஆனால் மற்றவர்கள் இயல்பாகத் தாங்கிக்கொள்ளும் ஒளியைத் தாங்கமாட்டாத சரீரங்களும் உண்டென்பது அதே கோபன்ஹேகனில் அதே காலத்தில் தெளிவாகியது. கார்ல் ராஷ் என்னும் வைத்தியர் 1900ஆம் ஆண்டு, வசந்த காலத்து முதல் வெயிலில் நடந்து வந்தவர்களுக்குச் சில மணி நேரங்கழித்து மார்பின் மேற்புறத்திலும் கைகளிலும் செந்நிறப் பருக்களாகவோ தடிப்புகளாகவோ எழுந்து தாங்கமுடியாத அரிப்பைத் தரும் ஒரு நோயை வர்ணித்து, அது ஒருவருக்கு ஒரு வடிவிலும் மற்றொருவருக்கு வேறு வடிவிலும் தோன்றுவதால் பல்லுருவ ஒளித்தடிப்பு என்று பொருள்படும் பெயரை இட்டார். குளிர்காலத்தில் மறைந்து வசந்தத்தில் திரும்பும் இந்நோய், வெயில் குறைந்த வட தேசங்களில் மிகச் சாதாரணமானது. ஆண்டு முழுவதும் வெயில் படும் முகம் பெரும்பாலும் தப்பிவிட, குளிர்காலம் முழுவதும் ஆடைக்குள் இருந்த தோலே அதற்கு இரையாகும் என்ற விஷயத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன், பின்னர் பயன்படும்.

வேறு வகையான தீங்கும் உண்டு. சரீரத்துக்குள்ளோ தோலின்மேலோ உள்ள ஒரு பொருள் தானாக ஒரு கெடுதலும் செய்யாமல் கிடந்து, ஒளி பட்ட மாத்திரத்தில் நஞ்சாகிவிடுவது அது. மியூனிக் நகரில் ஆஸ்கார் ராப் என்ற மாணவர் 1900ஆம் ஆண்டளவில், அக்ரிடீன் சாயம் கலந்த நீரில் நீந்திய நுண்ணுயிர்கள் இருட்டில் பிழைத்திருப்பதையும் வெளிச்சத்தில் மடிவதையும் கண்டார். அதே ஜெர்மனியில் 1912ஆம் ஆண்டு ஃபிரீட்ரிஷ் மேயர்பெட்ஸ் என்ற வைத்தியர் செய்த காரியத்தை எண்ணும்போது இன்றும் மனம் நடுங்குகிறது. ரத்தத்தின் செந்நிறப் பொருளிலிருந்து பெறப்படும் ஹெமட்டோபோர்ஃபிரினில் 200 மில்லிகிராமைத் தம் நரம்பிலேயே ஏற்றிக்கொண்டு, அதன்பின் வெயிலிற் சென்ற அவருக்கு முகமும் கைகளும் அடையாளம் தெரியாத அளவு வீங்கிப்போயின. வெயிலைத் தாங்கமாட்டாத அந்த நிலை பல மாதங்கள் நீடித்தது. ஊசி செய்யாத கெடுதலை ஒளி செய்தது. மருந்துண்டவன் ஒளியின் முன் வேறு மனிதன் என்ற உண்மையை, தம் முகத்தையே பணயம் வைத்து அவர் உலகுக்குக் காட்டினார்.

இதற்குள் விளக்கும் மாறிவிட்டிருந்தது. ஜெர்மனியின் ஹனாவு நகரில், பாதரச ஆவியைப் படிகக் குழாயில் அடைத்துப் புற ஊதாக் கிரணங்களை மிகுதியாகத் தரும் விளக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே செய்யப்பட்டது. பெர்லினில் குர்ட் ஹூல்ட்ஷின்ஸ்கி 1919இல், கால் வளைந்து எலும்பு நெகிழ்ந்த ரிக்கெட்ஸ் நோய்க் குழந்தைகளை அதன் முன் கிடத்தி, எலும்பு மீண்டும் சுண்ணம் பெற்று உறுதிப்படுவதை எக்ஸ்ரே படங்களில் காட்டினார். ஒரு கையில் மட்டும் ஒளி பட மறு கையின் எலும்பும் தேறியதென்பது, ஒளி தோலில் உண்டாக்கும் ஏதோ ஒரு பொருள் உடல் முழுவதும் பரவுகிறதென்பதற்குச் சான்றாயிற்று. 1920களிலும் 1930களிலும் ஐரோப்பிய நகரங்களின் மருத்துவ நிலையங்களில், கறுப்புக் கண்ணாடி அணிந்து, அரைக்கச்சை மட்டும் உடுத்த சிறுவர் சிறுமியர் நடுவிலிருக்கும் விளக்கைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்திருக்கும் படங்கள் எத்தனையோ கிடைக்கின்றன. அவற்றிலும் ஓரத்தில் ஒரு தாதி நின்றிருப்பாள். நேரத்தைக் கணக்கிடுவது அவள் பொறுப்பு. பிறகு வீட்டு உபயோகத்துக்கான விளக்குகள் விற்பனைக்கு வந்தன. அவற்றின் அருகில் தாதி இல்லை.

இனி ஒளியும் பொருளும் கூடும் சம்பந்தத்தைச் சற்று நின்று காணவேண்டும். இவ்வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்குள்ள பகுதி இதுவே. நாட்டு மருந்துக் கடைகளில் கார்போகரிசி என்று கேட்டால் எடுத்துத் தரும் கரிய, தட்டையான, நறுமணமுள்ள சிறு விதைகளை நலங்குமாவில் சேர்த்தரைப்பது நம் வீடுகளில் நெடுநாளைய வழக்கம். தொழுநோயோடு யாதொரு தொடர்பும் இல்லாதிருந்தும் வெண்குஷ்டம் என்று பெயர் பெற்று, அதனால் எத்தனையோ பேரின் வாழ்வைக் கசப்பாக்கிய அந்த வெண்படைக்கு, இவ்விதையைப் பூசியும் உள்ளுக்குக் கொடுத்தும் வெயிலில் உட்காரச் செய்வது பண்டைய வைத்தியம். எகிப்திலும் நைல் நதிக்கரையில் விளையும் ஒருவகைக் களைச்செடியின் விதையை உண்டு வெயிலில் நிற்பது அதே நோய்க்கு மருந்தாக இருந்தது. ஒன்றையொன்று அறியாத இரு மருத்துவ மரபுகள் வெவ்வேறு செடிகளிலிருந்து எடுத்தாண்டது, பின்னாளில் ரசாயனிகள் சொராலன் என்று பெயரிட்ட ஒரே குடும்பத்துப் பொருள்களையே. அப்பொருள் தோலின் உயிரணுக்களில் தங்கியிருக்க ஒளி பட்டால், அணுவின் உட்கருவிலுள்ள மரபிழைகளோடு பிணைந்துகொண்டு, முதலிற் செம்மையும், அளவு மிகுந்தால் கொப்புளமும், பின்னர் நாள்பட நிற்கும் கருமையும் தரும். அளவு தப்பினால் புண்ணாகும் என்பதை நாட்டு வைத்தியர்களும் அனுபவத்தில் அறிந்தே இருந்தனர்.

கெய்ரோவில் 1940களின் பிற்பகுதியில் அந்த நைல் நதிக்கரைச் செடியின் சாரம் பிரித்தெடுக்கப்பட்டு, எல் மோஃப்டி என்ற வைத்தியரால் வெண்படைக்குப் பிரயோகிக்கப்பட்டது. 1974இல் அமெரிக்காவில் பாரிஷ், ஃபிட்ஸ்பாட்ரிக் முதலியோர் சொராலன் மாத்திரை கொடுத்து, நீண்ட அலைப் புற ஊதாக் குழல்விளக்குகள் பொருத்திய பெட்டிக்குள் நிறுத்தி, காளாஞ்சகப்படையைக் குறைக்கும் சிகிச்சையை வெளியிட்டனர். மாத்திரை உண்ட நேரம், விளக்கின் பலம், நோயாளியின் தோல் வெயிலிற் சிவக்கும் இயல்பா கறுக்கும் இயல்பா என்பவற்றையெல்லாம் முன்கூட்டி அளந்தே அப்பெட்டியின் கதவு திறக்கப்பட்டது. இடையில் 1959ஆம் ஆண்டு, கறுப்பின மக்கள் அமெரிக்காவின் தென்பகுதியில் படும் இழிவைத் தாமே அனுபவித்து எழுதவேண்டுமென்று, ஜான் ஹோவர்ட் கிரிஃபின் என்னும் வெள்ளை எழுத்தாளர் இதே வகை மாத்திரையை உண்டு சூரிய விளக்கின் கீழ்க் கிடந்து தம் தோலைக் கறுப்பாக்கிக்கொண்டதையும் நன்றியோடு குறிப்பிட வேண்டும். அவரும் ஒரு சரும வைத்தியரின் மேற்பார்வையிலேயே அதைச் செய்தார்.

அலங்காரப் பொருள்களிலும் இதே நஞ்சு மறைந்திருந்தது. கொலோன் நீருக்கு மணமூட்டும் பெர்கமாட் என்ற எலுமிச்சை இனக் கனியின் தோலெண்ணெயில் சொராலன் வகைப் பொருள் உண்டு. அந்நீரைக் கழுத்தில் தெளித்துக்கொண்டு வெயிலிற் சென்றவர்களுக்கு, துளி வழிந்த தடத்திலேயே கரிய கோடு விழுவதை ஃபிராயிண்ட் என்ற வைத்தியர் 1916இல் எழுதிவைத்தார். அப்படி எழுதிவைத்திருந்தும், தோலை விரைவிற் கருமையாக்கும் என்ற காரணத்துக்காகவே அதே எண்ணெயைச் சேர்த்த பூச்சுத் தைலங்கள் பல ஆண்டுகள் ஃபிரான்ஸில் விற்கப்பட்டன. 1990களின் நடுவிலேதான் ஐரோப்பியச் சட்டம் அவற்றைக் கட்டுப்படுத்தியது.

இதுவரை சொன்னது ஒளி நஞ்சாதல். பொருளும் கிரணமும் போதிய அளவு இருந்தால் எவருக்கும் நேரக்கூடியது. ஒளி ஒவ்வாமை இதனின்றும் வேறு. ஸ்டெஃபான் எப்ஸ்டைன் 1939ஆம் ஆண்டு சல்ஃபா மருந்தைக்கொண்டு செய்த பரிசோதனைகளில் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டினார். கிரணம் பட்டு உருமாறிய பொருள் தோலின் புரதத்தோடு சேர்ந்துவிட, உடலின் காவல் அணுக்கள் அதை அந்நியமென்று கருதி நினைவில் இருத்திக்கொள்கின்றன. அடுத்த முறை அணுவளவு பொருளும் சிறிது ஒளியும் போதும், ஒன்றிரண்டு நாட்களில் அரிப்பும் நீர்க்கசிவுமாக எக்ஸிமா படர்ந்துவிடும். 1960ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் கிருமி கொல்லும் என்று சொல்லிச் சோப்பில் சேர்க்கப்பட்ட ஹாலஜன் கலந்த சாலிசிலானிலைடு ஒன்று ஆயிரக்கணக்கானோருக்கு இவ்வொவ்வாமையை உண்டாக்கியது. கைகளிலும் முகத்திலும் தோன்றிய அந்நோய்க்குக் காரணம் சோப்பென்று கண்டு அது விலக்கப்பட்ட பின்னரும், அவர்களுள் சிலருக்கு வெறும் வெளிச்சமே ஆண்டுக்கணக்கில் பகையாக நின்றுவிட்டது. தினந்தோறும் முகம் கழுவியதைத் தவிர வேறு குற்றம் செய்யாத மனிதர்கள் திரைச்சீலைக்குப் பின்னால் வாழ நேர்ந்ததை, சரும வைத்திய சரித்திரத்தின் மிகத் துயரமான அத்தியாயங்களுள் ஒன்றாகவே நான் கருதுகிறேன்.

ஐரோப்பாவில் வெண்மை உயர்குடிக்கு அடையாளமாக இருந்த காலம் போய், ஆலைக்குள் உழைப்பவன் வெளுத்தும் கடற்கரையில் ஓய்வெடுக்கும் செல்வன் கருத்தும் இருந்த காலம் வந்தபோது, கருமை நாகரிகமாயிற்று. 1970களில் ஜெர்மானியரான ஃபிரீட்ரிஷ் வோல்ஃப், புற ஊதாக் குழல்விளக்குகளை மேலும் கீழும் வரிசையாகப் பொருத்திய கட்டிலைப் பிரபலப்படுத்தினார். அப்பத்தாண்டின் இறுதிக்குள் அது அமெரிக்காவையும் அடைந்தது. பழைய பாதரச விளக்கு 280 முதல் 320 நானோமீட்டர் வரையுள்ள குறுகிய அலைகளால் தோலைச் சுட்டுவிடும் என்ற குறை இதில் இல்லை. இது பெரும்பாலும் 320 முதல் 400 வரையுள்ள நீண்ட அலைகளையே தரும், ஆகவே சுடாது, ஆகவே அபாயமில்லை என்று விளம்பரம் செய்யப்பட்டது. இந்த வாதத்தின் கோளாறு எங்கே என்பதை ஆராயும்போதுதான் முன்பு சொன்னவை யாவும் ஒருங்கே பொருந்தி வருகின்றன. சொராலனை நஞ்சாக்குவது இந்த நீண்ட அலையே. பெரும்பாலான மருந்துகளையும் வாசனைப் பொருள்களையும் தூண்டி ஒவ்வாமை உண்டாக்குவதும் இதுவே. பல்லுருவ ஒளித்தடிப்பை எழுப்புவதிலும் இதற்கே பெரும்பங்கு. சுடும் கிரணமாவது வலியால் எச்சரிக்கும். இதுவோ எச்சரிக்காமல், மேல்தோலைக் கடந்து ஆழச் செல்வது. பலமிக்க கட்டில்களில் இதன் அளவு மத்தியதரைக் கடற்கரையின் நண்பகல் வெயிலைப் போல் 10 முதல் 15 மடங்கு வரை இருக்கக்கூடும். அன்றியும், வெயிலுக்குப் பழகிய முகத்தை மட்டுமன்றி, ஆண்டு முழுவதும் ஆடைக்குள் இருந்த தோலையெல்லாம் கட்டில் ஒரே சமயத்தில் ஒளிக்கு முன் வைத்துவிடுகிறது. வசந்தத்தில் கையிலும் மார்பிலும் மட்டும் எழும் தடிப்பு, நடுக்குளிர்காலத்தில் உடல் முழுவதும் எழ இடமாகிறது.

1980களில் அமெரிக்காவின் மளிகைக் கடைகளில் வேலைசெய்தோர் பலருக்குக் கைகளிலும் முன்கைகளிலும் கொப்புளங்கள் தோன்றின. அவர்கள் நாள்தோறும் அடுக்கிவைத்த செலரித் தண்டுகளில் சொராலன் வகைப் பொருள் உண்டு. கருமைக் கட்டில் நிலையங்களுக்குப் போகும் வழக்கமும் சேர்ந்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு அதிகமாயிருந்தது. ஸ்வீடனில் 65 வயதான ஒரு மூதாட்டி செலரிக் கிழங்கை நிறைய உண்டு ஒரு மணி நேரத்துக்குப்பின் அத்தகைய கட்டிலிற் படுத்து, உடலெங்கும் கடுமையாக வெந்துபோன செய்தி 1990இல் மருத்துவ இதழில் வெளியாயிற்று. அந்த அம்மையார் மருந்தென்று எதையும் உண்ணவில்லை, உண்டது உணவு. டெட்ராசைக்ளின் வகை மருந்துகள், சிறுநீர் பெருக்கும் தயஸைடு மாத்திரைகள், சிலவகை வலிநீக்கிகள் ஆகியவற்றை உட்கொள்வோருக்கும் இதே அபாயம் உண்டு. கட்டில்களை அடிக்கடி நாடுவோரிற் சிலருக்குப் புறங்கைத் தோல் மெலிந்து, சிறிது உரசினாலும் கொப்புளித்து, ரத்தத்தில் குறையொன்றும் இல்லாதிருந்தும் போர்ஃபிரியா நோயை ஒத்த தோற்றம் வருவதையும் வைத்தியர்கள் கண்டனர்.

அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் சூரிய விளக்குகளுக்கென்று 1979இல் விதி வகுத்து, பின்னர் 1985இல் அதைத் திருத்தியது. நேரங்காட்டியும் கண்காப்பும் கட்டாயமாயின. விளக்கின்மேல் ஒட்டவேண்டிய எச்சரிக்கையில் கண்ணுக்கும் தோலுக்கும் ஊறு நேரும், ஒவ்வாமை உண்டாகலாம் என்பதோடு, மருந்துகளும் அழகுப் பொருள்களும் ஒளியுணர்ச்சியை மிகுவிக்கக்கூடும், மருந்துண்போர் வைத்தியரைக் கலந்துகொள்க என்ற கருத்தும் இடம்பெற்றது. மேயர்பெட்ஸ் முகம் வீங்கிக் கற்றதும், சோப்பால் வருந்தியவர்கள் ஆண்டுகள் இழந்து கற்பித்ததும், ஒரு சிறு காகிதச் சீட்டில் ஒரு வாக்கியமாகச் சுருங்கிவிட்டன. ஆடை களைந்து விளக்கை நோக்கிச் செல்லும் பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தி, முகப்பருவுக்காகத் தான் உண்ணும் மாத்திரை டெட்ராசைக்ளின் வகையைச் சேர்ந்ததென்பதை அந்தச் சீட்டைக் கொண்டு எவ்வாறு அறிவாள்? எதிரில் ஒருவர் நின்று கேட்டிருந்தால் அவள் மாத்திரையின் பெயரையாவது சொல்லியிருப்பாள்.

புற்றுநோய் பற்றிய சாட்சியங்கள் திரண்ட பின்னரே அரசாங்கங்கள் விழித்துக்கொண்டன. 2009இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் இக்கட்டில்களை, மனிதருக்குப் புற்று விளைவிப்பவை என்று ஐயமற நிறுவப்பட்டவற்றின் வரிசையிற் சேர்த்தது. அதே ஆண்டு பிரேசில் இவ்வலங்காரத் தொழிலையே தடுத்தது. ஆஸ்திரேலியாவின் பெரும்பாலான மாநிலங்களில் 2015 தொடக்கத்தோடு வாடகைக் கட்டில்கள் நின்றன. அரிப்பும் தடிப்பும் மட்டுமே காரணமாக எந்தத் தேசமும் இப்படிச் சட்டம் இயற்றியிருக்குமென்று தோன்றவில்லை. சில நாட்களில் அடங்கிவிடும் நோயை உலகம் சிறிதாகவே எண்ணுகிறது.

அத்தகைய தடிப்போடு வருபவரை இன்று சரும வைத்தியர் பரிசோதிக்கும் முறையில் அதே நீண்ட அலை விளக்குக்கும் ஓர் இடம் உண்டு. முதலில் உண்ணும் மருந்து, பூசும் தைலம், தெளிக்கும் வாசனை, கையாளும் செடிகொடி அனைத்தும் கேட்டு எழுதப்படுகின்றன. பின்னர் சந்தேகத்துக்குரிய பொருள்கள் சிறு ஒட்டுகளாக முதுகின் இருபுறமும் ஒரே வரிசையில் ஒட்டப்பட்டு, ஓரிரு நாட்களில் எடுக்கப்படும். ஒரு புறம் மூடப்பட்டிருக்க, மறு புறத்தின்மேல் மட்டும் சதுர சென்டிமீட்டருக்கு 5 ஜூல் அளவு கிரணம் பாய்ச்சப்படும். இரண்டு நாள் கழித்து இருபுறமும் சிவந்திருந்தால் அது பொருளின் ஒவ்வாமை. ஒளி பட்ட புறம் மட்டும் சிவந்திருந்தால், பொருளும் ஒளியும் கூடிச் செய்தது. அந்தப் பொருளின் பெயர் நோயாளியின் கையில் எழுதித் தரப்படுகிறது.